நீருக்கடியிலிருந்து மிதவை ஏவக் கற்பித்தல்: ஸ்கூபா பயிற்றுநருக்கான முழுமையான வழிகாட்டி

கீழே இருக்கும் டைவருக்குப் படகு எங்கே நிற்கிறது என்று தெரியாது. படகோட்டிக்கும் டைவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இருவரையும் இணைப்பது ஒரு மெல்லிய நூலும், அதன் நுனியில் நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் குழாயும்தான். டைவின் கடைசிக் கட்டத்தில் ஆழத்திலிருந்தே காற்றடைத்து மேலே அனுப்பும் இந்த மிதவையை டைவர்கள் டி.எஸ்.எம்.பி. என்பார்கள். நங்கூரக் கயிறு இல்லாத இடங்களிலும், மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தோடு போகிற டைவ்களிலும், புதுச்சேரி, திருகோணமலை போல மீன்பிடிப் படகுகள் ஓயாமல் வந்துபோகும் கடல்களிலும் இது இல்லாமல் இறங்கவே கூடாது.

ஆனால் ஆளைக் காக்கும் அதே நூல் ஆளைத் தூக்கிக்கொண்டும் போய்விடும். 1.2 மீட்டர் நீளமும், தட்டையாக வைத்தால் 15 செ.மீ. அகலமும் உள்ள சாதாரண மிதவை முழுதாக நிரம்பினால் சுமார் 8.5 லிட்டர் காற்றைக் கொள்ளும். அதாவது எட்டுக் கிலோவுக்கு மேல் தூக்குவிசை. நூல் விரலிலோ கொக்கியிலோ மாட்டினால் மிதவையோடு டைவரும் மேலே போவார். ஏற ஏற, மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் உள்ள காற்றும், குளிர் தாங்கும் உடையான வெட்சூட்டும் விரியும், வேகம் கூடும். பயத்தில் மூச்சை அடக்கிவிட்டால் நுரையீரல் கிழியும். நிரம்பிய நுரையீரலோடு மூச்சடக்கி ஏறினால் 1.2 மீட்டர் ஏற்றமே அதற்குப் போதும்.

ஆகவே இந்தப் பாடத்தில் முதலில் சொல்லித்தர வேண்டியது மிதவையை அனுப்புவதை அல்ல, கையில் இருப்பதை விடுவதை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் தோணியில் இருப்பவர் பிடித்திருந்த கயிற்றை நம்பி இறங்கினார்கள். கயிறு ஆட்டியதும் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரே மூச்சில் போய்வருபவருக்கு அந்த வேகம் உயிர். அழுத்தத்தில் நின்று காற்றைச் சுவாசிக்கும் ஸ்கூபா டைவருக்கு அதுவே ஆபத்து. அதனால் இந்த நூல் எந்த நேரத்திலும் உடலோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது.

யாருக்குக் கற்பிக்கலாம்

டைவிங் பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் ஓபன் வாட்டர் என்ற தொடக்கப் பாடத்திலேயே 2014-க்குப் பிறகு மிதவை ஏவுவது சேர்ந்துவிட்டது. அதனால் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பயிற்றுநர் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்ய வைத்தது தனியாகச் செய்யும் திறமை ஆகாது.

மருத்துவப் படிவம், சான்றிதழ், கடைசியாக இறங்கிய தேதி மூன்றையும் பாருங்கள். பிறகு ஒரே ஒரு சோதனை: 5 மீட்டர் ஆழத்தில் எதையும் பிடிக்காமல், அரை மீட்டருக்கு மேல் ஏறாமல் இறங்காமல், மூன்று நிமிடம் மிதந்து நிற்க வேண்டும். நிற்கும்போதே இரண்டு கைகளாலும் ஒரு கொக்கியைப் பத்து முறை மாட்டிக் கழற்ற வேண்டும். சும்மா நிற்கச் சொன்னால் பலர் அழகாக நிற்பார்கள். கைக்கு வேலை கொடுத்ததும் கால் தானாக உதைக்கத் தொடங்கும். அப்படி உதைப்பவருக்கு மிதவையைக் கொடுக்காதீர்கள். முதலில் எடையைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் தேவைக்கு மேல் ஈயம் கட்டியிருப்பார், அதை ஈடுகட்ட பி.சி.டி.யில் காற்று அதிகமாக இருக்கும், அந்தக் காற்றுதான் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கும். இரண்டு கிலோ குறைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்வதைப் பார்க்கலாம்.

ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் வரை அனுமதிக்கும் விதிகள் உண்டு. இந்தப் பாடத்துக்கு அது பொருந்தாது. ஒரு பயிற்றுநர், ஒரு உதவியாளர், இரண்டு மாணவர். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏவ வேண்டும். தெளிவில்லாத தண்ணீரில் மாணவர் ஒருவர் மட்டும்.

கருவிகள்

மிதவை: முதல் பாடத்துக்கு ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை போதும். 1.8 மீட்டர் நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பெரிய மிதவை 35 லிட்டர் வரை கொள்ளும், அதைப் புதியவர் கையில் தரக் கூடாது. அடிப்பக்கம் காற்று உள்ளே போகவும் வெளியே வராமலும் தடுக்கும் மடிப்பு உள்ள வகை நல்லது. முழுவதும் திறந்திருக்கும் வகை மேலே போய்ச் சாய்ந்தால் காற்றைக் கொட்டிவிடும். மிகையழுத்தத்தை வெளியேற்றும் வால்வை ஒவ்வொரு நாளும் விரலால் இழுத்துப் பாருங்கள். மணல் புகுந்தால் அது மூடாமல் கசியும், அல்லது திறக்காமல் அடைத்துக்கொள்ளும்.

ஸ்பூல், அதாவது நூல் சுற்றிய உருளை: கைப்பிடியும் ராட்செட்டும் உள்ள ரீலைவிட, நடுவில் துளையுள்ள எளிய ஸ்பூலே கற்பதற்கு ஏற்றது. நகரும் உறுப்பு எதுவும் இல்லாததால் அடைத்துக்கொள்ள வாய்ப்பு குறைவு. நூல் 30 மீட்டர் இருக்கட்டும். 15 மீட்டர் ஸ்பூலை எடுத்துக்கொண்டு 18 மீட்டரிலிருந்து ஏவினால் என்ன ஆகும் என்று மாணவரையே கேளுங்கள். நூல் தீர்ந்த அந்த நொடியில் ஸ்பூல் கையிலிருந்து பறிக்கப்படும், இல்லையென்றால் கையோடு சேர்ந்து ஆளும் போவார். நீரோட்டத்தில் நூல் சாய்வாகப் போகும் என்பதால், ஏவும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது நூல் வேண்டும்.

இரு முனையிலும் திறக்கும் டபுள் எண்டர் கொக்கி ஒன்று, ஒவ்வொருவருக்கும் கைக்கு எட்டும் இடத்தில் நூலை வெட்டும் லைன் கட்டர் ஒன்று. படகில் முழு ஆக்சிஜன் சிலிண்டரும், நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் ரெகுலேட்டரும் முகமூடியும். டைவ் விபத்துக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அருகில் எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்பதை எழுதிப் படகிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

காற்றின் கணக்கு

இதை வெள்ளைப் பலகையில் எழுதியே காட்டுங்கள். மேலே 8.5 லிட்டர் வேண்டுமென்றால், அழுத்தம் 3 பார் உள்ள 20 மீட்டரில் 2.8 லிட்டர் போதும். 2 பார் உள்ள 10 மீட்டரில் 4.25 லிட்டர். 1.5 பார் உள்ள 5 மீட்டரில் 5.7 லிட்டர். நன்றாக ஊதிய ஒரு மூச்சு சுமார் மூன்று லிட்டர். ஆக, 20 மீட்டரில் ஒரு மூச்சே மிதவையை நிரப்பிவிடும். 10 மீட்டரில் முக்கால் பங்கு நிரம்பி நிமிர்ந்து நிற்கும். 5 மீட்டரில் பாதிதான் நிரம்பும், தளர்ந்து படுத்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு 10 மீட்டரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இதுதான். ஒரே மூச்சில் வேலை முடியும், எதிர்பாராமல் ஏறினாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கும். ஆழம் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்பது இங்கே பொருந்தாது. கடைசி 10 மீட்டரில்தான் காற்று இரண்டு மடங்காக விரிகிறது.

நிரப்பும் முறைகளில் எது முதலில்

நான்கு முறைகள் உண்டு. மூச்சு விடும் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே, அது வெளிவிடும் குமிழிகளை மிதவையின் திறந்த அடியில் பிடிப்பது ஒன்று. ஆக்டோபஸ் எனப்படும் உபரி ரெகுலேட்டரின் பொத்தானை அழுத்தி நிரப்புவது இரண்டாவது. ரெகுலேட்டரை எடுத்துவிட்டு மிதவையின் சிறு குழாயில் வாயால் ஊதுவது மூன்றாவது. பி.சி.டி.யின் காற்றுக் குழாயை மிதவையில் மாட்டி நிரப்புவது நான்காவது. நான்காவதைப் புதியவர்களுக்குக் கற்பிக்கவே வேண்டாம்: குழாய் கழலாமல் சிக்கினால் மிதவையும் ஆளும் ஒன்றாகிவிடுவார்கள். மூன்றாவதற்கு வாய் காலியாக வேண்டும், அதைப் பழகிய பிறகு பார்க்கலாம்.

ஆக்டோபஸ் முறை பரவலாக இருக்கிறது, அதில் இரண்டு சிக்கல்கள். வாய்ப்பகுதி மேல்நோக்கித் திரும்பினால் காற்று நிற்காமல் கொட்டும். அடுத்தது, சிலிண்டரிலிருந்து புதுக் காற்று மிதவைக்குள் போகிறது, எனவே மிதவையைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் டைவரின் மிதப்பு கூடுகிறது.

முதல் முறையில் அப்படி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. நுரையீரலிலிருந்த மூன்று லிட்டர் மிதவைக்குப் போகும்போது மொத்த மிதப்பு மாறுவதில்லை. ஆனால் மிதவையை விடாமல் வைத்துக்கொண்டு அடுத்த மூச்சை இழுத்தால் இன்னொரு மூன்று லிட்டர் சேர்கிறது, மூன்று கிலோ மேலே தள்ளுகிறது. மாணவர்கள் ஏவும் தருணத்தில் திடீரென்று ஒரு மீட்டர் எழும்புவது இதனால்தான். நிரப்புவதும் விடுவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும்; விட்ட பிறகுதான் மூச்சை இழுக்க வேண்டும். மூச்சை அடக்குவது வேறு, இது வேறு என்பதையும் அதே இடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஊதி முடித்து, கையை விட்டு, உடனே இழுப்பது, இடையில் நிறுத்தமே இல்லை.

தரையில்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது தரைப் பயிற்சி கொடுங்கள். முதலில் ஸ்பூலைப் பிடிக்கும் விதம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுத்துளையின் இருபுறமும் லேசாகத் தொட, ஸ்பூல் நடுவில் சுழல வேண்டும். துளைக்குள் விரலை நுழைக்கக் கூடாது. நூலைக் கையில் சுற்றக் கூடாது. ஸ்பூல் கொக்கியால் பி.சி.டி.யோடு மாட்டியிருக்கக் கூடாது. கொக்கியைக் கழற்றாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஏவுவதற்கு முன் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று மாணவர் தொட்டுக் காட்டட்டும்.

அடுத்தது விடும் பயிற்சி. நூலின் நுனியை நீங்கள் பிடித்துக்கொண்டு நடந்து போங்கள், மாணவர் ஸ்பூலைச் சுழல விடட்டும். சொல்லாமல் திடீரென்று வெடுக்கென்று இழுங்கள். இழுவை தெரிந்ததும் விரல்கள் திறக்க வேண்டும். மனித இயல்பு இதற்கு நேர்மாறானது, இழுத்தால் இறுகப் பிடிக்கத்தான் தோன்றும். அந்த இயல்பை மாற்ற இருபது முறையாவது ஆகும். பிறகு நூலில் ஒரு குறுக்குச் சுற்றை வேண்டுமென்றே வைத்துத் தாருங்கள். ஓடும் நூல் நடுவில் இறுகும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். யோசிக்காமல் விட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தொலைந்தால் மிதவையும் ஸ்பூலும்தானே, பெரும்பாலும் அவையும் மேலே மிதந்துகொண்டிருக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். விலை நினைப்பு விரலை இறுக்கும். அதனாலேயே பயிற்சிக்கு மாணவரின் சொந்த மிதவையைவிட மையத்தின் பழைய மிதவை நல்லது.

‘விடு’ என்பதற்கு ஒரு சைகையும் முடிவுசெய்துகொள்ளுங்கள்: மூடிய கை முகத்துக்கு நேரே சட்டென்று விரிவது. அதைப் பார்த்தால் காரணம் கேட்காமல் விட வேண்டும்.

நீச்சல்குளத்தில்

மூன்று முதல் ஐந்து மீட்டர் ஆழமுள்ள குளம் வேண்டும். முதல் நான்கைந்து சுற்று காற்றே இல்லாமல்: மிதவையை எடுப்பது, விரிப்பது, நூலைக் கோப்பது, சுற்றி வைப்பது. பிறகு கைப்பிடி அளவு காற்று மட்டும் அடைத்து விடுவது. அரைக் கிலோ தூக்குவிசைக்கு ஆளை இழுக்கும் பலமில்லை, ஆனால் நூல் ஓடுவது எப்படி இருக்கும் என்று கை தெரிந்துகொள்ளும். மாணவர் முழங்காலிட்டு இதைச் செய்ய விடாதீர்கள். கடலில் முழங்காலிட இடம் இருக்காது. தரையில் ஊன்றிப் பழகிய உடல் நடுநீரில் செங்குத்தாகி உதைக்கும்.

கடலில், படிப்படியாக

இறங்கும் முன் படகோட்டியோடு பேசுங்கள்: எத்தனை மிதவை வரும், என்ன நிறம், எந்தப் பக்கம் நீரோட்டம். சிவப்பு அல்லது ஆரஞ்சு சாதாரணம், மஞ்சள் அவசரம் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. அதனால் உங்கள் படகில் எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் கரைகளில் தெர்மகோலும் பிளாஸ்டிக் கேனும் வலைக்கு மிதவையாக நிற்கும். புதிதாகத் தெரியும் குழாயையும் வலை மிதவை என்று எண்ணி ஃபைபர் படகுகள் நெருங்கலாம். பக்கத்தில் தொழில் செய்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சிலிண்டரின் அழுத்தம் 120 பாருக்குக் குறைந்தால் ஏவும் பயிற்சியைத் தொடங்காதீர்கள். 80 பாரில் என்ன நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்தி ஏறத் தொடங்க வேண்டும். குறைந்தது 50 பாரோடு படகுக்கு வர வேண்டும்.

1. 10 மீட்டரில் நின்று, ஆழம் நிலையாக இருக்கிறதா என்று மாணவர் ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். மிதப்பு சமனுக்குச் சற்றே கீழே இருக்கும்படி பி.சி.டி. காற்றை வெளியேற்றுகிறார்.

2. மேலே ஒரு முழுச் சுற்று பார்க்கிறார். இன்ஜின் சத்தம் கேட்டால் காத்திருக்கிறார். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால், படகு எந்தத் திசையில் என்று காதால் சொல்ல முடியாது. சத்தம் தேய்ந்து மறைவது ஒன்றே நம்பத்தக்க அடையாளம்.

3. மிதவையை எடுத்து முழுவதும் விரிக்கிறார். நூல் கோத்ததை இழுத்துப் பார்க்கிறார். கொக்கியைக் கழற்றித் தன் வளையத்தில் தனியாக மாட்டுகிறார்.

4. கையை நீட்டி, மிதவையும் ஸ்பூலும் முகத்துக்கு முன்னால் இருக்கும்படி பிடிக்கிறார். நூலுக்கும் ரெகுலேட்டர் குழாய்களுக்கும் இடையே வெறும் தண்ணீர் மட்டுமே இருக்க வேண்டும். கூட இருப்பவர் சுற்றிப் பார்த்து சரி என்று காட்டுகிறார்.

5. ஒரு சிறு ஊதல். மிதவை நிமிர்கிறது. இங்கே ஒரு நொடி நின்று, ஆழத்தையும் நூலையும் மீண்டும் பார்க்கிறார். ஏதாவது சரியில்லை என்றால் இப்போதே காற்றைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். இதற்குப் பின் திரும்ப வழியில்லை.

6. தலையைச் சற்றுச் சாய்த்து முழு மூச்சையும் மிதவைக்குள் ஊதுகிறார், மிதவையை விடுகிறார், மூச்சை இழுக்கிறார். ஸ்பூல் விரல்களுக்கிடையே சுழல்கிறது.

7. சுழற்சி நின்றதும் தளர்ந்த நூலைச் சுற்றி இறுக்குகிறார். டபுள் எண்டரை நூலோடு ஸ்பூலின் ஓரத் துளையில் மாட்டிப் பூட்டுகிறார்.

8. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல், நூலைச் சுற்றிக்கொண்டே ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிறார்.

எட்டாவது படிக்குத் தனியாக ஒரு வார்த்தை. மிதவை மேலே போனதும் பாடம் முடிந்தது என்று மாணவர் மனம் தளரும். அப்போதுதான் நூல் தளர்ந்து கால் துடுப்பில் சுற்றும். அரைக் கிலோ எடையாவது நூலில் தொங்கும்படி சற்றுக் கனமாக இருந்தால்தான் நூலும் இறுகும், மேலே மிதவையும் நிமிரும். அதே நேரம் நூலைப் பிடித்து மேலே ஏறவும் கூடாது. ஆள் ஏறிய அளவுக்கு மட்டும் நூல் சுருள வேண்டும்.

பயிற்றுநர் எங்கே, எப்படி

மாணவருக்கு நேரே, கை எட்டும் தூரத்தில், நூல் போகும் பாதைக்கு ஒருபுறமாக நில்லுங்கள். மிதவைக்கு மேலே ஒருபோதும் வேண்டாம். ஒரு கை அவருடைய பி.சி.டி. வெளியேற்றும் வால்வை எட்ட வேண்டும், மறு கை கட்டருக்கு அருகில். ஸ்பூலை அவருக்காகப் பிடித்து உதவாதீர்கள். உங்கள் கை நடுவில் இருந்தால் சிக்கும்போது இரண்டு பேர் போவீர்கள். அவருடைய கண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஐந்து நொடிக்கு மேல் பார்க்காதவர் ஏறிக்கொண்டிருக்கிறார் என்றே கொள்ளுங்கள்.

மாணவர் எழும்பத் தொடங்கினால் வரிசை இது: ‘விடு’ சைகை, கேட்காவிட்டால் ஸ்பூலைத் தட்டிவிடுவது, சிக்கியிருந்தால் நூலை வெட்டுவது, உடனே பி.சி.டி. காற்றை வெளியேற்றி, ஊதச் சொல்லிச் சைகை காட்டுவது. நூலை வெட்டத் தயங்குவதுதான் பயிற்றுநர்கள் செய்யும் பெரிய தவறு. எப்படியும் கட்டுக்குள் வரவில்லை என்றால் உங்கள் ஏறும் வேகத்தைத் தியாகம் செய்து துரத்த வேண்டாம்; மேலே உதவி செய்ய நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உதவியாளர் இன்னொரு மாணவரோடு நிதானமாக ஏற வேண்டும் என்பதை முன்பே பேசி வைத்திருங்கள்.

யாராவது வேகமாக மேலே போய்விட்டால், அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று இனி டைவ் இல்லை. தமனியில் காற்றுக்குமிழ் புகுந்திருந்தால் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும்: குழப்பம், ஒரு பக்கம் பலமின்மை, பேச்சுத் தடுமாற்றம், மயக்கம். மூட்டுவலியும் மரத்துப்போவதும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அறிகுறி ஒன்று தெரிந்தாலும் படுக்கவைத்து முழு ஆக்சிஜன் கொடுங்கள், மருத்துவ உதவியை அழையுங்கள். மீண்டும் தண்ணீரில் இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

தேறியவர் யார்

ஒரு முறை அழகாகச் செய்தவர் அல்ல. தனித்தனி டைவ்களில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முழுச் செயலிலும் ஆழம் ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும். மூன்றில் ஒரு முறை ‘விடு’ சைகையை எதிர்பாராத நேரத்தில் காட்டுங்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே காட்டுங்கள். தயங்கிவிட்டு விட்டவருக்கு இன்னொரு நாள் கொடுங்கள். கம்ப்யூட்டரில் பதிவான ஆழக் கோட்டை மாணவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஏவிய நொடியில் கோடு எழும்பியிருப்பதை அவரே காணும்போது, நீங்கள் பத்து முறை சொன்னது அப்போதுதான் விளங்கும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மிதவையின் உள்ளே புகுந்த நீரைக் கவிழ்த்து வடித்து, நிழலில் காயவையுங்கள். நூலை முழுவதும் அவிழ்த்து, விரல்களுக்கிடையே ஓடவிட்டு, பிசிறு உள்ள இடத்தைத் தடவிக் கண்டுபிடியுங்கள். பிசிறு நுனிக்கு அருகில் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கோத்து, மீதி நீளத்தை ஸ்பூலிலேயே எழுதுங்கள். சுற்றும்போது இழுவையோடு, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். அடுத்த டைவில் அடைத்துக்கொள்ளும் ஸ்பூல் முந்தைய நாள் மாலை கரையில் அவசரமாகச் சுற்றியதாகத்தான் இருக்கும். அதனால் யார் ஏவினாரோ அவரே சுற்றட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.